வியாபாரி மந்திரியானால்: டி.டி.கே.யும் ஒரு பிரெஞ்சுக்காரரும்

1

தேர்தல் வந்தால் தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து டீக்கடைகளில் இரண்டு வாதங்கள் மோதிக்கொள்ளும். வேட்பாளர் கிரானைட் குவாரிக்காரராக இருப்பார், அல்லது சேகோ பேக்டரி வைத்திருப்பார், பஸ் விடுவார், காலேஜ் நடத்துவார். ‘அவருகிட்ட இல்லாத காசா? வயிறு ரொம்புனவன் எதுக்குத் திருடப் போறான்’ என்பது முதல் வாதம். ‘போட்ட காசை எடுக்காம விடுவானா? வியாபாரி எங்க போனாலும் வியாபாரிதான்’ என்பது இரண்டாவது. போன தடவை முதல் வாதத்தைச் சொன்னவரே இந்தத் தடவை இரண்டாவதைச் சொல்லக்கூடும். அதில் யாருக்கும் சங்கடம் இருப்பதில்லை.

பார்த்தால் எதிரெதிரான வாதங்கள். ஆனால் இரண்டுமே பதிலை ஒரே இடத்தில்தான் தேடுகின்றன: அந்த ஆளின் வயிற்றில். நிறைந்த வயிறா, நிறையாத வயிறா என்று தெரிந்துவிட்டால் அரசாங்கம் எப்படி நடக்கும் என்பதும் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொது. கிராம்சி ‘பொதுப்புத்தி’ என்று அழைத்தது ஏறக்குறைய இதைத்தான். ஒன்றோடொன்று ஒட்டாத கருத்துத் துண்டுகள் ஒரே மண்டைக்குள் சண்டை சச்சரவு இல்லாமல் குடியிருக்கும் நிலை அது.

இயக்கங்களில் இருக்கிற நாமும் இதிலிருந்து முழுக்க வெளியே வந்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. நக்சல்பாரி அரசியல் வேர்விட்ட மாவட்டம் இது. ‘தரகு முதலாளி’ என்ற சொல்லைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் சுவரெழுத்தில் படித்தவர்கள் இங்கே உண்டு. அந்தச் சொல் ஒரு வர்க்க உறவை விளக்குவதற்காக வந்தது. மேடைப் பேச்சில் புழங்கிப் புழங்கி, ஆளைச் சுட்டும் வசைச்சொல்லாகச் சுருங்கிவிட்டது. ஆளைச் சுட்டிக் காட்டியதும் வேலை முடிந்துவிடுகிறது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தபின் என்ன செய்தார், அதை எந்த வழியாகச் செய்தார் என்று யாரும் தொடர்ந்து பார்ப்பதில்லை.

இந்தக் கட்டுரை ஒரு வியாபாரி - மந்திரியின் வாழ்க்கையை முன்வைத்து மேற்படி இரண்டு வாதங்களையும் சோதிக்க முயல்கிறது. அவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பெரும்பாலோருக்கு இன்று டி.டி.கே. என்றால் குக்கர். சென்னைக்காரர்களுக்கு ஒரு சாலை. முன்பு மௌப்ரேஸ் ரோடாக இருந்தது. பிரஸ்டீஜ் குக்கர் கம்பெனியின் ஆலை ஓசூர் சிப்காட்டில் இருக்கிறது. 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிக்கப்படும்வரை ஓசூர் தருமபுரி மாவட்டத்து ஊர்தான். அவர் 1974இலேயே இறந்துவிட்டார். பெயர் மட்டும் கம்பெனிப் பலகைகளில் மிஞ்சியிருக்கிறது.

2

பழைய தமிழ் மன்னர்கள் வணிகர்களுக்கு ‘எட்டி’ என்ற பட்டம் கொடுத்தார்கள். பொன்னால் செய்த பூவும் அதோடு கிடைக்கும். தமிழ் இலக்கியம் படித்தவர்கள் ஏனாதி, காவிதி, எட்டி என்று வரிசையாக மனப்பாடம் செய்திருப்பார்கள். ஏனாதி படைத்தலைவனுக்கு, காவிதி அமைச்சுத் தொழில் செய்தவனுக்கும் வேளாண் குடிகளுக்கும், எட்டி வணிகனுக்கு. வணிகன் பட்டம் வாங்கிக்கொண்டு வணிகனாகவே திரும்பிப் போனான் என்பது இங்கே கவனிக்க வேண்டியது. அரசனுக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம் இருந்தது. அரசன் பெயரால் கையெழுத்துப் போடும் இடம் வேறு. அந்த நாற்காலிக்கே வணிகன் வந்து சேர்வது நவீன அரசின் விவகாரம்.

டி.டி.கே. 1899இல் பிறந்தவர். சென்னைப் பிராமண உயர்குடி, தகப்பனார் நீதிபதி. சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்தார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் வக்கீலாவார்கள், இல்லையென்றால் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போவார்கள். இவர் 1928இல் சொந்தமாக ஏஜென்சி தொடங்கினார். வெளிநாட்டுக் கம்பெனிகளின் சோப்பு முதலான சாமான்களைத் தென்னிந்தியக் கடைகளுக்குக் கொண்டுசேர்ப்பது தொழில். எங்கோ தயாராகிற பொருளைச் சின்ன ஊர் மளிகைக்கடைவரை ஒழுங்காகக் கொண்டுபோகும் வலைப்பின்னலைக் கட்டிய முன்னோடிகளில் ஒருவர். இயக்க அகராதியில் சொன்னால் கலப்படமில்லாத தரகு முதலாளி.

1937இல் சுயேச்சையாகச் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். பிறகு காங்கிரஸ், அரசியல் நிர்ணய சபை, அதன் வரைவுக்குழு. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய விவாதங்களைப் படித்தவர்களுக்கு இன்னொரு செய்தி நினைவிருக்கும். வரைவுக்குழுவில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், மற்றவர்களும் பல காரணங்களால் வரவில்லை, சுமை முழுவதும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று 1948 நவம்பரில் அவையில் எழுந்து சொல்லிப் பதிவுசெய்தவர் டி.டி.கே.தான். அவைக்குறிப்பில் இருப்பதால் இன்றைக்கு அதை எடுத்துக் காட்ட முடிகிறது. இந்தப் பதிவு விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

1952இல் நேருவின் மந்திரிசபையில் வர்த்தக, தொழில் மந்திரி. ரூர்கேலா, பிலாய், துர்காபூர் என்று அரசு உருக்காலைகள் எழுந்த காலத்தில் இரும்பு, எஃகுத் துறையும் அவரிடம் இருந்தது. 1956 ஆகஸ்டில் நிதி மந்திரி.

இப்போது நம் இரண்டாவது வாதத்தைச் சோதிக்கலாம். வெளிநாட்டுச் சரக்கு விற்று வளர்ந்த மனிதர் வர்த்தக மந்திரியானால் என்ன செய்திருக்க வேண்டும்? இறக்குமதிக் கதவை அகலத் திறந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. ஐம்பதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிக்கொண்டே போயின. வெளிநாட்டுச் சாமான் விற்ற கம்பெனிகளுக்கெல்லாம் அடி விழுந்தது. டி.டி.கே. குடும்பத்தின் தொழிலும் அந்த ரகத்தைச் சேர்ந்ததுதான். சரி, நல்ல மனுஷன் என்று முடித்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. கட்டுப்பாடு என்பது மறுபக்கத்தில் பாதுகாக்கப்பட்ட உள்நாட்டுச் சந்தை. இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்த குக்கரை இங்கேயே செய்யத் தொடங்கினால் போட்டி கிடையாது. முன்பு இறக்குமதி செய்து விற்றவர்களில் பலர் பின்னாளில் உற்பத்தியாளர்கள் ஆனது இந்த வழியில்தான். ஆக ஒரே கொள்கை இன்றைக்கு நட்டம், நாளைக்கு லாபம். ‘தனக்கு லாபமா நட்டமா’ என்ற தராசு இங்கே எடை காட்ட மறுக்கிறது.

1957 மே மாத பட்ஜெட் இன்னும் சிக்கலானது. கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கோலாஸ் கால்டோர் இந்தியாவுக்கு வந்து 1956இல் கொடுத்த வரிச் சீர்திருத்த அறிக்கையை ஒட்டி டி.டி.கே. இரண்டு புதிய வரிகளைக் கொண்டுவந்தார். ஒன்று சொத்துவரி. மற்றது செலவுவரி, அதாவது பணக்காரன் ஆண்டில் இவ்வளவுக்குமேல் செலவு செய்தால் அந்தச் செலவின்மீது வரி. உலகில் வேறெந்த நாடும் அப்போது துணியாத காரியம். முதலாளிகள் கூச்சல் போட்டார்கள். அன்றாடச் சாமான்கள்மீதான கலால் வரியும் அதே பட்ஜெட்டில் ஏறியது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும், ஏழை தப்பிவிடவில்லை. ஆனாலும் சொத்துள்ளவனின் சொத்தைக் கணக்கெடுத்து வரி போடும் ஏற்பாட்டை இந்த நாட்டில் கொண்டுவந்தவர் ஒரு வியாபாரி. அந்தச் சொத்துவரியை ஒழித்துவிட்டதாக 2015 பட்ஜெட்டில் அறிவித்த நிதி மந்திரி தொழிலால் வக்கீல்.

3

இங்கே கொஞ்சம் கோட்பாட்டுப் பக்கம் போய்வருவது பயன்படும். 1969இல் ரால்ஃப் மிலிபாண்ட் முதலாளியச் சமூகத்தில் அரசு பற்றி ஒரு நூல் எழுதினார். மேற்கு நாடுகளில் மந்திரிகள், உயர் அதிகாரிகள், நீதிபதிகள், கம்பெனி இயக்குநர்கள் ஆகியோர் ஒரே மாதிரியான குடும்பங்களிலிருந்து, ஒரே மாதிரியான பள்ளிகளிலிருந்து வருகிறார்கள், ஒருவரையொருவர் அறிந்திருக்கிறார்கள், ஆகவே அரசு முதலாளி வர்க்கத்தின் பக்கம் சாய்வதில் வியப்பில்லை என்று விரிவான தரவுகளோடு காட்டினார். பாரிஸில் வாழ்ந்த கிரேக்கரான நிக்கோஸ் பூலாந்த்ஸாஸ் ‘நியூ லெஃப்ட் ரிவ்யூ’ இதழில் இதை மறுத்தார். மந்திரி யார் வீட்டுப் பிள்ளை என்பது முக்கியமில்லை, கூலிக்காரன் மகனே மந்திரியானாலும் முதலாளிய அரசு முதலாளிய அரசாகத்தான் இயங்கும் என்பது அவர் தரப்பு. இன்னும் ஒரு படி மேலே போய், வர்க்கத்தின் பொதுநலனைக் காப்பாற்ற வேண்டுமானால் அரசு தனித்தனி முதலாளிகளிடமிருந்து கொஞ்சம் விலகி நிற்க வேண்டும், சமயத்தில் அவர்களை அடிக்கவும் வேண்டும் என்றார். இதைத்தான் ‘சார்புநிலைத் தன்னாட்சி’ என்று தமிழில் எழுதி வந்திருக்கிறோம்.

நம் டீக்கடையின் இரண்டாவது வாதம் மிலிபாண்டின் கொச்சை வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். டி.டி.கே.யின் 1957 பட்ஜெட்டோ பூலாந்த்ஸாஸுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிவிட்டது. அந்நியச் செலாவணி கரைகிறது. உருக்காலைக்குப் பணம் வேண்டும். எஃகும் மின்சாரமும் ரயிலும் தனியார் முதலாளிகளுக்கும் தேவை. அவற்றைக் கட்டும் தெம்போ விருப்பமோ அவர்களுக்கு இல்லை. ஆகவே அவர்களிடமிருந்தே வரியாகப் பிடுங்கி அவர்களுக்குத் தேவையானதை அரசு கட்டுகிறது. கசப்பு மருந்தைத் தன் வர்க்கத்தின் வாயில் ஊற்ற அந்த வர்க்கத்திலிருந்தே ஒருவர் வந்தார்.

இந்த விளக்கத்தில் எனக்குப் பெரும்பகுதி உடன்பாடு உண்டு. ஆனால் இதை வைத்துக்கொண்டு அதே வருஷம் ஜூன் மாதம் நடந்ததை விளக்க முடியாது. அமைப்பு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று சொல்லிவிட்டால், ஏன் இந்தப் பணம், இந்த நாளில், இந்த ஆளுக்குப் போனது என்ற கேள்விக்கு இடமே இல்லாமல் போகிறது. செயல்பாட்டாளனுக்கு அந்தக் கேள்விதான் தேவை.

4

1956 செப்டம்பர் முதல் தேதி எல்.ஐ.சி. பிறந்தது. அதுவரை தனியாரிடம் இருந்த 245 இன்சூரன்ஸ் கம்பெனிகளையும் சேமநிதிச் சங்கங்களையும் அரசு எடுத்துக்கொண்டது. பாலிசிதாரர்களின் பணத்தை முதலாளிகள் தங்கள் சொந்த வியாபாரத்துக்குத் திருப்பிவிட்டதாக வந்த புகார்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். பள்ளி வாத்தியாரும் தபால்காரரும் மாதாமாதம் கட்டுகிற பிரீமியத்தை வேலியில்லாத இடத்திலிருந்து எடுத்து வேலிக்குள் வைத்தார்கள் என்று சொல்லலாம்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1957 ஜூனில் எல்.ஐ.சி. கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. முந்த்ரா பெரிய பரம்பரைத் தொழிலதிபர் அல்ல. கடன் வாங்கிப் பங்குகளைப் பிடித்து, அந்தப் பங்குகளை அடகு வைத்து மறுபடி கடன் வாங்கி, ஜெஸ்ஸப், ரிச்சர்ட்சன் குரூடாஸ் போன்ற பழைய வெள்ளைக்காரக் கம்பெனிகளைக் கைப்பற்றியவர். விலை சரியத் தொடங்கியதும் கழுத்துக்குச் சுருக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் எல்.ஐ.சி. கை கொடுத்தது. எல்.ஐ.சி.க்கு ஒரு முதலீட்டுக் கமிட்டி இருந்தது. பங்குச் சந்தை தெரிந்தவர்கள் அதில் இருந்தார்கள். வாங்குவதற்கு முன் அந்தக் கமிட்டியைக் கேட்கவில்லை. கல்கத்தா சந்தையைத் தூக்கி நிறுத்துவதற்காக என்று பின்னால் காரணம் சொன்னார்கள்.

1957 டிசம்பர் 16 அன்று ஃபெரோஸ் காந்தி இதை மக்களவையில் எழுப்பினார். ஆளுங்கட்சி எம்.பி.; பிரதமரின் மருமகன். நேரு விசாரணைக்கு ஒப்புக்கொண்டார். பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தனிநபர் கமிஷனாக அமர்ந்து, 24 நாளில் வேலையை முடித்தார். விசாரணை மக்கள் முன்னிலையில் நடந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்காக வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். நிதி மந்திரியும் அவரது முதன்மைச் செயலாளர் எச்.எம். பட்டேலும் ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பதை பம்பாய் ஜனங்கள் தெருவில் நின்று கேட்டார்கள். மந்திரிக்குத் தெரியும் என்றார் செயலாளர். நான் ஒப்புதல் தரவில்லை என்றார் மந்திரி.

யார் சொன்னது உண்மை? என்ன பேசினார்கள், யார் சரி என்றார்கள் என்பதைத் தீர்த்துச் சொல்லும் எழுத்து இல்லை. ஒன்றேகால் கோடி ரூபாய் வாய்ப்பேச்சில் நகர்ந்திருக்கிறது. டி.டி.கே. காசு வாங்கினார் என்று கமிஷன் சொல்லவில்லை. தன் செயலாளர் செய்த காரியத்துக்கு மந்திரிதான் பொறுப்பு, அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் ஒளிய முடியாது என்றது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார். அந்த வருஷ பட்ஜெட்டை நேருவே வாசிக்க வேண்டியதாயிற்று. முந்த்ரா சிறைக்குப் போனார். பட்டேல் பின்னாளில் அரசியலுக்கு வந்து 1977இல் ஜனதா ஆட்சியில் நிதி மந்திரியானார்.

இந்த இடத்தில் டீக்கடையின் இரண்டு வாதங்களும் சேர்ந்தே கவிழ்கின்றன. வயிறு நிறைந்தவர் திருடவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் பாலிசிதாரரின் பணம் போகக்கூடாத இடத்துக்குப் போனது. வியாபாரி வியாபாரிதான் என்றால், இந்தச் சம்பவத்தின் மையத்தில் நின்ற பட்டேல் வியாபாரி அல்ல, ஐ.சி.எஸ். அதிகாரி. மிலிபாண்டும் இங்கே திருத்தப்பட வேண்டியவர் ஆகிறார். முந்த்ராவும் டி.டி.கே.யும் ஒரே குடும்பம், ஒரே பள்ளி, ஒரே கிளப் கிடையாது. பிறப்பால் கிடைக்காத நெருக்கத்தை ஒரு சந்திப்பு, ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு அவசரம் உண்டாக்கிக் கொடுத்தது. முடிவு அதன் வழக்கமான பாதையை விட்டு விலகி வேறொரு அறைக்குப் போய்விட்டது. என் வாதம் இதுதான்: அந்த விலகலைத்தான் நாம் பார்க்கப் பழக வேண்டும். ஆளின் வர்க்கம் அந்த விலகலுக்கான வாய்ப்பைக் கூட்டும், குறைக்கும். அதைத் தனியாக உண்டாக்குவதில்லை.

டி.டி.கே. கதை அத்தோடு முடியவில்லை. 1962இல் திருச்செந்தூர் தொகுதி உறுப்பினராக மக்களவைக்குத் திரும்பினார். மறுபடி மந்திரி, 1963இல் மறுபடி நிதி. சின்னச் சேமிப்புக்காரர்களுக்காக யூனிட் டிரஸ்ட் 1964இல் அவர் காலத்தில்தான் தொடங்கியது. ஒழிக்கப்பட்டிருந்த செலவுவரியையும் திரும்பக் கொண்டுவந்தார். 1965 கடைசியில் அவருடைய மகன்களின் தொழில்கள் அவர் பதவியால் பலன் பெற்றதாகச் சில எம்.பி.க்கள் பிரதமர் சாஸ்திரியிடம் புகார் கொடுத்தார்கள். உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதியிடம் புகாரைக் காட்டிக் கருத்துக் கேட்கலாம் என்று சாஸ்திரி நினைத்தார். டி.டி.கே. அதை ஏற்காமல் டிசம்பர் 31 அன்று ராஜினாமா செய்தார். புகார் புகாராகவே நின்றுபோயிற்று. 1958இல் ஒலிபெருக்கி கட்டி விசாரித்த நாட்டில் 1965இல் அந்த அளவுக்குக்கூட வெளிச்சம் விழவில்லை.

5

இதே கேள்விகள் முப்பத்தைந்து வருஷம் கழித்து பிரான்சில் வேறு வேஷத்தில் வந்தன. பெர்னார் தாப்பி 1943இல் பாரிஸில் பிறந்தவர். சாதாரணக் குடும்பம், பரம்பரைச் சொத்து கிடையாது. பாட்டுப் பாடிப் பார்த்தார், கார் ஓட்டிப் பார்த்தார், டிவி விற்றார். நொடித்துப் போன கம்பெனிகளை அடிமாட்டு விலைக்கு வாங்கிச் சீர்செய்து விற்பதில் பேர் பெற்றார். சைக்கிள் பந்தய அணி வைத்திருந்தார். 1986இல் மார்செய் கால்பந்துக் கிளப்பின் தலைவரானார். 1990இல் அடிடாஸ் கம்பெனியை வாங்கினார். வாங்கிய பணம் பெரும்பாலும் வங்கிக் கடன். முக்கிய வங்கி கிரெடி லியோனே, அன்றைக்கு அரசு வங்கி.

தொலைக்காட்சியில் அவர் ஒரு நட்சத்திரம். ‘நானே முன்னேறினேன், நீயும் முன்னேறலாம்’ என்பது அவர் கதையாடல். சோஷலிஸ்ட் ஜனாதிபதி மித்தரானுக்கு அப்படியொரு ஆள் தேவைப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினராகி, 1992 ஏப்ரலில் நகர விவகார மந்திரியும் ஆனார். புறநகர்க் குடியிருப்புகளில் வேலையில்லாமல் கொதித்துக்கொண்டிருந்த இளைஞர்களைக் கவனிக்கும் துறை அது. அதாவது சோஷலிஸ்டுகள் திட்டத்தால் கொடுக்க முடியாத நம்பிக்கையை ஒரு முதலாளியின் முகத்தைக் காட்டிக் கொடுக்க நினைத்தார்கள். பழைய தொழில் கூட்டாளியோடு இருந்த வழக்கு காரணமாக மே மாதமே விலக நேர்ந்தது. டிசம்பரில் திரும்பி வந்து, 1993 மார்ச்சில் ஆட்சி மாறும்வரை இருந்தார்.

மந்திரியாக இருக்கும்போது அடிடாஸை வைத்திருக்க முடியாது என்று விற்கும் பொறுப்பைக் கிரெடி லியோனேயிடம் கொடுத்தார். 1993 பிப்ரவரியில் விற்பனை நடந்தது. வாங்கியவர்கள் பின்னால் பெரிய லாபம் பார்த்தார்கள். வங்கி தன்னை ஏமாற்றிவிட்டது என்று தாப்பி வழக்குப் போட்டார். அதற்குள் வேறொரு வினை. அதே 1993 மே மாதம் மார்செய் அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அதற்குச் சில நாள் முன்பு நடந்த உள்நாட்டு ஆட்டம் ஒன்றில் எதிரணி ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்தது வெளியே வந்தது. அந்த வழக்கில் தண்டனை பெற்று 1997இல் சிறைக்குப் போனார். வெளியே வந்து நாடகத்திலும் சினிமாவிலும் நடித்தார்.

நம் விவாதத்துக்கு முக்கியமானது 2007, 2008இல் நடந்தது. அடிடாஸ் வழக்கு பல வருஷமாக நீதிமன்றங்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைய நிதி மந்திரி கிறிஸ்தீன் லகார்த் காலத்தில் அதை நீதிமன்றத்திலிருந்து எடுத்து மூன்று தனி நடுவர்களிடம் கொடுத்தார்கள். 2008இல் நடுவர்கள் தாப்பிக்குச் சுமார் 40 கோடி யூரோ கொடுக்கச் சொன்னார்கள். கொடுக்க வேண்டியது அரசு, அதாவது வரி கட்டும் ஜனங்கள். 2015இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைச் செல்லாதென்றது. 2016 டிசம்பரில் லகார்த் கவனக்குறைவுக் குற்றவாளி என்று மந்திரிகளுக்கான தனி நீதிமன்றம் சொன்னது. தண்டனை எதுவும் விதிக்கவில்லை. தாப்பி 2021இல் இறந்தார்.

டி.டி.கே.யையும் தாப்பியையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஒருவர் அரசியல் சட்ட வரைவில் உட்கார்ந்தவர்; மற்றவர் விளம்பர யுகத்தின் பிள்ளை. மனிதர்கள் ஒத்துப்போகாத இடத்தில்தான் இயங்குமுறையின் ஒப்புமை துலக்கமாகத் தெரிகிறது. அங்கே முதலீட்டுக் கமிட்டி தாண்டப்பட்டது. இங்கே நீதிமன்றம் தாண்டப்பட்டது. இரண்டு இடத்திலும் பொதுப்பணம். இரண்டு இடத்திலும் மூடிய அறை. இரண்டு இடத்திலும் அந்தப் பணத்தின்மேல் கடைசிப் பொறுப்பு வகித்த மந்திரிமீது கையூட்டு நிரூபணமாகவில்லை. லகார்த் தொழிலால் வக்கீல், முதலாளி அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6

இதற்கெல்லாம் விதிகள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. ஊழல் தடுப்புக்காக அமைந்த சந்தானம் கமிட்டியின் வேலைகளை ஒட்டி 1964இல் மந்திரிகளுக்கான நடத்தை விதிகள் வந்தன. பதவியேற்குமுன் சொத்துக் கணக்குக் கொடுக்க வேண்டும். வியாபார நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும். விலகுவது எப்படி என்பதில்தான் சுவாரசியம். கணவன் மனைவிக்கோ மனைவி கணவனுக்கோ நிர்வாகத்தை மாற்றக்கூடாது. வயதுவந்த வேறு உறவினரிடம் கொடுக்கலாம். மகன் கையில் கொடுத்துவிட்டால் விலகியதாகக் கணக்கு. நம் ஊரில் தகப்பன் சொத்து வேறு மகன் சொத்து வேறு என்று எந்தப் பங்காளி ஒத்துக்கொள்வான்? மூலதனத்தைத் தனிமனிதனின் சட்டைப்பையாக மட்டும் இந்த விதி பார்க்கிறது. இங்கே மூலதனம் குடும்பமாக, சாதியாக, சம்பந்தி வழியாக நடமாடுகிறது. தவிர, இது நடத்தை விதி. மீறினால் சிறை என்று சொல்லும் சட்டமல்ல.

உச்சநீதிமன்றத் தீர்ப்புகளால் 2003 முதல் வேட்பாளர்கள் சொத்துப் பிரமாணப் பத்திரம் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அதை ஊரில் எப்படிப் படிக்கிறார்கள் என்று பாருங்கள். ‘இத்தனை கோடி இருக்குதா, அப்ப பரவால்ல’ என்று நற்சான்றிதழாகப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளிப்படுத்துவதற்காக வந்த காகிதம் வயிறு நிறைந்திருப்பதற்கு அத்தாட்சி ஆகிவிடுகிறது. அந்தக் காகிதம் அவரிடம் என்ன இருக்கிறது என்று சொல்லும். நாளை எந்த முடிவு எடுக்கும் அறையில் அவர் உட்காருவார், அந்த முடிவு யார் குவாரிக்கு, யார் நிலத்துக்கு, யார் காலேஜுக்குப் போகும் என்று சொல்லாது.

எனவே நாம் கேட்க வேண்டிய கேள்விகளின் இடத்தை மாற்ற வேண்டும் என்று தோன்றுகிறது. இந்த முடிவை எடுக்க வேண்டிய அமைப்பு எது? முடிவு அங்கேதான் எடுக்கப்பட்டதா? எடுக்கும்போது யார் யார் இருந்தார்கள்? எழுத்தில் இருக்கிறதா? குவாரி ஏலமானாலும், தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதானாலும், பஞ்சாயத்து டெண்டரானாலும் இந்த நாலு கேள்விகள் போதும். 2005க்குப் பிறகு தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் மனுவில் கேட்கக்கூடிய கேள்விகள்தான் இவை. ‘அந்த ஆள் திருடன்’ என்று சுவரில் எழுதுவதைவிட ‘கமிட்டி எந்தத் தேதியில் கூடியது’ என்று கேட்பது சப்பென்றுதான் இருக்கும். ஃபெரோஸ் காந்தி 1957இல் கேட்டது அந்த ரகக் கேள்விகளைத்தான்.

நடைமுறையைக் கேட்டால் வர்க்க ஆய்வை விட்டுவிட்டதாகாதா என்று தோழர்கள் கேட்பார்கள். எல்லாம் முறைப்படி நடந்தால் முதலாளிய அரசு நியாயமான அரசாகிவிடுமா என்பார்கள். ஆகாது. முறைப்படி கமிட்டி கூடி, முறைப்படி கையெழுத்துப் போட்டு ஏழையின் நிலத்தை எடுத்த கதைகள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. ஆனால் விதி என்பதும் போராட்டத்தில் பெறப்பட்ட ஒரு நிலப்பரப்பு. எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் கமிட்டியும் சாக்ளாவின் ஒலிபெருக்கியும் முதலாளிகள் தானமாகக் கொடுத்தவை அல்ல. அந்தப் பரப்பை ‘எல்லாம் அவனுங்க ஏற்பாடு’ என்று விட்டுக்கொடுத்தால், நமக்கு நிற்க இடம் குறையும். அவர்களுக்கு அறை பெரிதாகும்.

2022 மே மாதம் எல்.ஐ.சி. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அரசு தன் பங்கில் 3.5 சதவீதத்தை விற்றது. எல்.ஐ.சி. பணம் எந்தக் கம்பெனியில் போகிறது என்ற கேள்வி இப்போதும் அவ்வப்போது நாடாளுமன்றத்தில் எழுகிறது. அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் வாத்தியார் சம்பளத்தில் மாதாமாதம் பிரீமியம் பிடிக்கிறார்கள். மந்திரி வியாபாரியா, வக்கீலா, விவசாயி மகனா என்பதோடு அந்த வாத்தியாரின் அக்கறை முடிந்துவிடக்கூடாது. தன் பணத்தை எங்கே போடுவது என்று முடிவெடுக்கும் கமிட்டி கூடுகிறதா, அதன் குறிப்பேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் பழக்கம் அவருக்கும் நமக்கும் வர வேண்டும்.